அரை சோபா மாண்டலின்

பேர் வைத்த அப்பா அம்மாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்த சைக்கிள் கடைக்காரர் கோட்டம்தான். வளைந்த சக்கரத்தை நேராக்குவதற்கு அந்தத் தொழிலில் கோட்டம் எடுப்பது என்று பேர். முப்பத்திரண்டு வருஷம் எடுத்த கோட்டமெல்லாம் கடைசியில் அவர் பேரிலேயே ஒட்டிக்கொண்டது.

"கோட்டம் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

"எதுல? சக்கரத்துலயா, கடையிலயா?" என்பார் அவர்.

இந்த ஒரு நகைச்சுவையை வைத்தே முப்பத்திரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தார்.

வேலை இப்படி நடக்கும். சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு கம்பியாக நகத்தால் சுண்டுவார். டிங், டிங், டிங், டொங். அந்த டொங்கில் கை நின்றுவிடும். கம்பியின் நுனியில் இருக்கும் சின்னத் திருகை அரைச் சுற்று முடுக்குவார். மறுபடி சுண்டினால் அதுவும் டிங். முன்சக்கரம் என்றால் முப்பத்தாறு கம்பியும் ஒரே டிங் சொல்ல வேண்டும். கியர் வைத்த பின்சக்கரம் வேறு கதை. ஒரு பக்கம் இறுக்கமாக டிங், மறுபக்கம் தணிந்து டங். "புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு. ஆனா வண்டி ஓடும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். எந்தப் பக்கம் யார் என்று மனைவி கேட்டதிலிருந்து அதை வீட்டில் சொல்வதில்லை.

இத்தனை நுணுக்கமாகக் கேட்கிறவருக்குத் தனக்குக் காது உண்டா என்பதில் மட்டும் சந்தேகம் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஆண்டு விழாக் கூட்டுப் பாட்டுக்கு நிற்கவைத்தபோது பாட்டு வாத்தியார் வரிசையாகக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்து இவர் முன்னால் நின்றார். "உனக்குக் காது கிடையாதுடா. ரெண்டு ஓட்டைதான் இருக்கு. பின்வரிசைக்குப் போ. வாயை மட்டும் அசை" என்றார். அன்று அசைத்த வாய் நாற்பத்தைந்து வருஷமாக அசைந்துகொண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து பாடும் இடம் எதுவானாலும் அவர் பின்வரிசையில் நின்று, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், உணர்ச்சியோடு வாயை அசைப்பார். கல்யாணமான புதிதிலேயே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "டிவியில சத்தத்தைக் குறைச்ச மாதிரி இருக்கீங்களே" என்றாள்.

நூலகரின் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தின் கீழ்த்தளத்தில், பெரியவர்களுக்கு மாண்டலின் வகுப்பு. முன்னனுபவம் தேவையில்லை. அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தது: "தன் வாத்தியத்துக்குத் தானே சுருதி சேர்க்கத் தெரிந்தால் போதும். சுருதி காட்டும் மீட்டர் கூடாது. காதால்."

காதால் என்ற சொல்லை அவர் மூன்று முறை படித்தார். மாண்டலினைப் பக்கத்தில் பார்த்ததில்லை. அறிவிப்பில் ஒரு படம் இருந்தது. சின்ன உடம்பு, எட்டு இரும்புக் கம்பி, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு திருகு. இது என் வேலைதானே என்று தோன்றியது. இதில் தேறினால் வாத்தியார் சொன்னது பொய். தேறாவிட்டால், மிச்சக் காலத்துக்கும் நிம்மதியாக வாயை அசைக்கலாம்.

வீட்டில் சோபா வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி, சோபா வந்தால் எங்கே போடுவது என்று இரண்டு வருஷமாகப் பேசிவந்தார்கள்.

"மாண்டலினா?" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. "ஊர்ல இருக்கிற அத்தனை வியாதிக்கும் எங்கிட்ட கோப்பு இருக்கு. இதுக்கு மட்டும் இல்ல."

"சின்னதாத்தான் வாங்குவேன்."

"சோபா ரெண்டு பேருக்குத்தானே? அதுல உங்க பாதியை எடுத்துக்கோங்க. என் பாதியில நான் ஒத்தை சோபா வாங்கிக்கிறேன். நீங்க பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து வாசிங்க."

"நிஜமாவா?"

"ஆனா ஒண்ணு. வகுப்புல சேத்துக்கலைன்னா அதைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டு என் பாதியோட சேத்துடணும்."

சனிக்கிழமை காலை இருவரும் வாத்தியக் கடைக்குப் போனார்கள். கடைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதை மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். சுவரில் ஆறு மாண்டலின்கள் தொங்கின. நடுவில் ரத்தச் சிவப்பில் ஒன்று பளபளத்தது. அதன் தோளில் மரம் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தது.

"இது நல்லாப் போகுது சார்" என்றார் அந்த அம்மா.

கோட்டம் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம், "முழு சோபா" என்றார்.

"கைப்பிடியோடயா?"

"ரெண்டு குஷனும் சேத்து."

கடைக்கார அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எது வாங்குறதா இருந்தாலும் கேட்டுப் பாத்து வாங்குங்க சார்" என்றார்.

"அந்தச் சுருள்ல சத்தம் வருமா?"

அவர் தேடுவதை நிறுத்தினார். "உண்மையச் சொல்லவா? வராது. அது அழகுக்கு. பாதி விலை அதுக்குத்தான்."

"அப்ப சுருள் இல்லாததைக் காட்டுங்க."

அடுத்து வந்தது முதுகு தர்பூசணி மாதிரி உருண்ட ஒன்று. பார்க்க லட்சணமாக இருந்தது. மடியில் வைத்தார், அது வழுக்கிக்கொண்டு போனது. இழுத்து வயிற்றோடு அணைத்தார், மறுபடி வழுக்கியது.

"ரெண்டு உருண்டை ஒண்ணு மேல ஒண்ணு நிக்காதுங்க" என்றாள் மனைவி, அவர் தொப்பையைப் பார்த்து.

மூன்றாவது புத்தம் புது வார்னிஷில் மின்னியது. விலை கால் சோபா கூட இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. புதுசாக பெயிண்ட் அடித்த பழைய சைக்கிளை அவர் நம்பியதே கிடையாது. பெயிண்டுக்கு அடியில் எங்காவது ஒட்டுப் போட்டிருப்பான். ஒரு கண்ணை மூடி, மாண்டலினின் கழுத்தைத் துப்பாக்கி மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கழுத்து இடது பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டது.

"கோட்டம்" என்றார்.

"சொல்லுங்க சார்" என்றார் கடைக்கார அம்மா, அது அவர் பேர் என்று நினைத்து.

நாலாவதும் ஐந்தாவதும் கண்ணுக்குத் தேறின, கைக்குத் தேறவில்லை. ஒன்றில் கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளின் நுனி விரலைக் கிழித்தது. இன்னொன்றில் கம்பி அத்தனை உயரத்தில் நின்றது, அழுத்த ஸ்பேனர் வேண்டும் போலிருந்தது. ஆறாவது மூலையில் தொங்கியது. காபிக் கறை நிறம், சுருள் இல்லை, தட்டை முதுகு, இடுப்பில் ஒரு கீறல். கழுத்து நூல் பிடித்த மாதிரி நேர். மெட்டுகள் வழவழப்பு. எட்டு முறுக்காணிகளையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். நடுவில் எங்கும் பிடிக்கவில்லை, துள்ளவில்லை, நல்ல கிரீஸ் போட்ட பேரிங் மாதிரி சுழன்றன. கம்பிகளைத் தாங்குகிற சின்ன மரத் துண்டை அசைத்துப் பார்த்தார்.

"அதுக்குப் பேர் குதிரை சார். நகத்தி வைக்கலாம்."

"குதிரை வேற இருக்கா?" என்றாள் மனைவி. "சோபாவுக்கு இந்த வசதி கிடையாது."

விலை அரை சோபாவுக்குக் கொஞ்சம் உள்ளேதான் இருந்தது. கீறலைக் காட்டி உறையையும், உபரியாக ஒரு செட் கம்பியையும் இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றியில் கண்டுபிடித்துக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, "கம்பியெல்லாம் தளத்தி வெச்சிருக்கேன். சுருதி சேத்துத் தரட்டுமா?" என்று கேட்டார்.

கோட்டத்துக்கு முகம் மலர்ந்தது. "வேண்டாம்மா. கம்பி சேக்குறது என் தொழில்."

"அப்ப சரி. எட்டும் நல்லா சேந்து இருக்கணும், அவ்வளவுதான்."

எட்டும் சேர்ந்து. அந்தச் சொல்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் வேலையைத் தொடங்கினார். தடிக் கம்பியைச் சுண்டினார், டொங். மெல்லிய கம்பியைச் சுண்டினார், டீங். முன்சக்கரத்தில் இப்படி ஒரு வித்தியாசத்தை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எந்தப் பாவி கட்டினானோ என்று முனகியபடி தடிக் கம்பியை மெல்லியதன் குரலுக்கு ஏற்ற ஆரம்பித்தார். ஏற ஏற மாண்டலின் அழுதது. பட்டென்று கம்பி அறுந்து அவர் மூக்கருகே பறந்தது.

"உயிரோட இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன். கம்பிதான் போச்சு."

உபரிக் கம்பியை மாட்டினார். யுத்தியை மாற்றினார். தடியானதை ஏற்ற முடியாவிட்டால் மெல்லியதை இறக்குவது. மூன்று மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து எட்டையும் ஒரே குரலுக்குக் கொண்டுவந்தார். மெல்லிய கம்பிகள் தொய்ந்து மெட்டுகளில் பட்டு உறுமின. காதை ஒட்டவைத்தால்தான் குரல் கேட்டது. ஆனால் கேட்ட குரல் ஒன்றே.

மனைவி வந்து தொய்ந்த கம்பியை விரலால் தூக்கிப் பார்த்தாள். "துணி காயப்போடலாம்."

"எட்டும் ஒண்ணு. நீயே கேளு."

"கேக்குது. எட்டும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணும் நல்லா இல்லையே."

அது அவருக்கும் பட்டது. மாண்டலினை உறைக்குள் போட்டு மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஏழு பேர் மாண்டலினோடு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மற்ற ஆறு நாளும் அவள் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் பார்வை முதலில் வாய்க்குப் போய்விட்டுத்தான் கண்ணுக்கு வந்தது. மனைவி கதவோரம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் போக.

"சுருதி சேத்தாச்சா சார்?"

"சேத்தாச்சு டாக்டர்" என்று நீட்டினார்.

அவள் எட்டுக் கம்பியையும் ஒரே இழுப்பில் மீட்டினாள். தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஏழு பேரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் சிரிப்பை மறைக்கப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார், அது தலைகீழாக இருந்தது. கோட்டம் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்வரிசைக்கு நகர்த்த ஆரம்பித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினாள். கைப்பையிலிருந்து அந்தத் தடைசெய்யப்பட்ட மீட்டரை எடுத்து வைத்துவிட்டு மறுபடி எட்டையும் சுண்டினாள்.

"இதை யார் சேத்தது?"

"நான்தான்."

"எதை வெச்சு?"

அவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

"எட்டும் ஒரே ஸ்வரம் சார். மயிரிழை கூட வித்தியாசம் இல்ல. இப்படித் தொங்குற கம்பியில இது எனக்கே வராது." அவளுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. "ஆனா எதுக்கு சார் எட்டையும் ஒண்ணாக்கினீங்க? இது ஜோடி ஜோடி. ஜோடிக்குள்ள ரெண்டும் ஒண்ணா இருக்கணும். நாலு ஜோடியும் வேற வேற."

கோட்டம் குனிந்து ஒரு ஜோடிக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"பின்சக்கரம்! நான் முன்சக்கரம்னு நெனச்சுட்டேன்!"

கதவோரம் உட்கார்ந்திருந்தவளைத் தவிர யாருக்கும் புரியவில்லை.

டாக்டர் தன் மாண்டலினில் நாலு ஜோடிகளையும் ஒரே ஒரு முறை மீட்டிக் காட்டினாள். அவர் கண்ணை மூடினார். அரைச் சுற்று, கால் சுற்று, கொஞ்சம் பின்னால். பத்து நிமிஷத்தில் காபிக் கறை மாண்டலின் நாலு குரலில் தெளிவாகப் பேசியது. அவர் கண்ணைத் திறந்து தயங்கினார்.

"டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. உங்களோட மூணாவது ஜோடியில சின்னதா ஒரு கோட்டம் இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஒண்ணு டிங். இன்னொண்ணு டிங்குக்குக் கொஞ்சம் கீழ."

அவள் மீட்டரில் வைத்துப் பார்த்தாள். இருந்தது. புத்தகத்தால் முகத்தை மறைத்திருந்த அம்மாள் தன் மாண்டலினை எடுத்து மெதுவாக அவர் பக்கம் நீட்டினார். அடுத்தவரும் நீட்டினார். கொஞ்ச நேரத்துக்கு அந்த அறை அவர் கடை மாதிரி ஆகிவிட்டது.

"உங்களைச் சேக்காம வேற யாரைச் சேக்குறது?" என்றாள் டாக்டர். அவர் திரும்பிக் கதவோரத்தைப் பார்த்தார். ஒற்றை சோபாக்காரி, சரி போகட்டும் என்று கையை ஆட்டினாள்.

பாடம் தொடங்கியது. கம்பியை மீட்டி, அந்த ஸ்வரத்தை எல்லோரும் வாயாலும் பாட வேண்டும் என்றாள் டாக்டர். அவர் கை மீட்டியது. வாய் நாற்பத்தைந்து வருஷப் பழக்கத்தில், உணர்ச்சியோடு, அசைந்தது.

டாக்டர் அவர் முன்னால் வந்து நின்றாள். குனிந்தாள்.

"சத்தம் வரலையே சார். வாயை நல்லாத் திறங்க. இன்னும். இன்னும் பெருசா."

பல் டாக்டர் சொன்னால் யாரும் தட்ட முடியாது. திறந்தார். நாற்பத்தைந்து வருஷம் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. ஏழு மாண்டலின்களும் நின்றன. டாக்டரின் முகம் பெரிய சொத்தையைக் கண்ட மாதிரி மாறியது.

"அந்த வாத்தியார் பாதிதான் பொய் சொல்லியிருக்கார்" என்றாள் மனைவி கதவோரத்திலிருந்து. "காது இருக்கு. தொண்டைதான் கோட்டம்."

"கொஞ்சம் மேல போகணும் சார்" என்றாள் டாக்டர் பக்குவமாக. "தப்பா வருதுன்னு உங்களுக்குக் கேக்குதா?"

அவர் மறுபடி கம்பியைச் சுண்டினார். டிங். வாயைத் திறந்தார். டொங். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம், சுற்றுகிற சக்கரத்தில் வளைவு தெரிகிற மாதிரி, அத்தனை துல்லியமாக இருந்தது.

"கேக்குது டாக்டர்!" என்றார் முகமெல்லாம் பல்லாக. "தப்புன்னு அருமையாக் கேக்குது!"

இன்னொரு முறை, இன்னும் உரக்க, பாடினார்.