மினுமினுத்த மாடிக் கம்பி

தசராவுக்கு உறவினர்கள் வருகிறார்களே என்று எங்கள் மைசூர் வீட்டு மொட்டை மாடியின் இரும்புத் தடுப்புக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தேன். பழைய பெயின்ட்டையும் துருவையும் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றேன். "ஆகட்டும் சார்" என்றார் பெயின்டர். நான் மாடி ஏறவில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாள் வழியாக நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தடுப்பு கண்ணாடிபோல மினுமினுத்தது. பாராட்டி, காபியும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் தசரா யானைகள் காலை நடைப்பயிற்சிக்காகத் தெருமுனையில் போயின. எட்டிப் பார்க்கச் சாய்ந்தேன். மேல்கம்பி கையோடு வந்துவிட்டது. பின்னால் நின்ற மனைவி சட்டையைப் பிடித்து இழுத்ததால்தான் இதை நானே எழுதுகிறேன்.

"யானை பத்திரமா போயிடுச்சு. நீங்க உள்ள வாங்க" என்றாள்.

உடைந்த இடத்தில் இரும்பே இல்லை. துரு தின்ற ஓட்டையில் சுவருக்குப் பூசும் பட்டியை அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார். போனில் கத்தினேன்.

"சுரண்டினா ஓட்டை தெரியும், நீங்க வெல்டரைத் தேடுவீங்க, தசராக்குள்ள முடியாது சார். பாக்க நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உறவுக்காரக் குழந்தைகள் தொங்கி விளையாட இருந்த கம்பி அது.

இப்போதெல்லாம் சுரண்டிய இரும்பை நானே கண்ணால் பார்த்து, கம்பி கம்பியாகச் சுத்தியலால் தட்டிய பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்க விடுகிறேன். வெல்டரை வைத்துப் போட்ட புதுத் தடுப்பு உறுதியாக நிற்கிறது. ஆனாலும் மாடிக்குப் போனால் மனைவி என் சட்டையை விடுவதில்லை.