கம்பத்தில் கட்டிய வலை

அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். தொண்ணூறுகளில் மிஷின் வலை கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிறகு வீட்டில் யாரும் கையால் வலை பின்னுவதில்லை. கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது மட்டும் எனக்கும் என் நாத்தனாருக்கும் மிஞ்சியது. முழு வலை பின்னத் தெரிந்த கையை ஒட்டுப் போட வைத்தால் எரிச்சல் வராதா? எனக்கு வந்தது.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் மீன் வாங்க வருவார். ஒருநாள் நாங்கள் முடிச்சுப் போடுவதைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பையன்கள் கிரிக்கெட் பழகும் இடத்தில் கடை வலை பந்தடி தாங்காமல் கிழிகிறதாம். அறுபதடி நீளம், பத்தடி உயரத்துக்குப் பின்னித் தர முடியுமா என்றார். அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். என் வாய் அப்படி. வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. டீக்கடை வரைக்கும் போய் எங்களைக் கிண்டலடித்துவிட்டு வந்தார்.

கெட்டி நைலான் நூலில் பின்னி எடுத்துப்போனோம். கம்பத்தில் மாட்டினால் நீளம் சரியாக இருக்கிறது, கீழ் ஓரம் தரைக்கு வராமல் முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது. கீழே ஆடு நுழையலாம். எங்கள் பக்கம் வலையை இறுக்கி இழுத்துப் பிடித்துத்தான் அளப்போம். பழக்க தோஷத்தில் இதையும் அப்படியே அளந்துவிட்டோம். பக்கவாட்டில் விரித்ததும் வலைக் கண்கள் அகன்று, வலை மேலே ஏறிக்கொண்டது. வாத்தியார் திட்டவில்லை. பத்து நாளில் போட்டி, அதற்குள் முடியாவிட்டால் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார். இதை விட்டால் எங்களை நம்பி இனி யாரும் வலை கேட்கப் போவதில்லை.

நாத்தனார் இரண்டு நாள் எதையோ பின்னுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் கையகலத் துண்டு ஒன்றைப் பின்னிக்கொண்டு வந்தார். ஓரத்திலிருந்து நேராகப் போகாமல் ஒரு மூலையில் ஒற்றைக் கண்ணாகத் தொடங்கி, வரிசைக்கு ஒரு கண் கூட்டியிருந்தார். கண்கள் கட்டம் கட்டமாக நின்றன.

"இஸ்து பாருடி," என்றார்.

இழுத்தேன். நீளமும் குறையவில்லை, அகலமும் குறையவில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் சோறு தண்ணி ஞாபகமில்லை. அவர் ஒரு பாதி, நான் ஒரு பாதி. விரலில் நூல் அறுத்த இடத்தில் துணி சுற்றிக்கொண்டு பின்னி, நடுவில் சேர்த்தோம். போட்டிக்கு முதல்நாள் வலையைத் தூக்க ஆள் இல்லை என்று வீட்டுக்காரரே வந்தார். அவரே கம்பத்தில் ஏறி மாட்டினார். வலை தரையைத் தொட்டு ஒரு சாண் மிச்சம் கிடந்தது. பெரிய பையன் ஒருவன் பலம் கொண்ட மட்டும் அடித்தான். பந்து வலைக்குள் புதைந்து அப்படியே கீழே விழுந்தது.

வாத்தியார் கைதட்டினார். இன்னும் இரண்டு பக்கத்துக்கும் பின்னித் தரச் சொன்னார். கம்பத்தின் உச்சியிலிருந்து என் வீட்டுக்காரர், மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எப்டி கீது சார்? எங்க அக்காவும் என் சம்சாரமும் கட்னது."