கடலோரத்து மகளுக்கான கவலை

கட்டிங் டேபிள்மேல் அடுக்கியிருந்த பனியன் துணியை அப்பா இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் தள்ளிக் காட்டியது அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. மேல் அடுக்குகள் நழுவின, துணி மேலெழவில்லை. "பாரு கண்ணு, பக்கமாத் தள்ளுனா பக்கமாத்தான் போகும். மேல எந்திரிக்காது" என்றார். எங்கள் ஊர் மண்ணரையில் எங்கள் சின்ன பனியன் யூனிட்டுக்கு அவர்தான் கட்டிங் மாஸ்டர். அந்த டேபிளில் நிரூபிக்க முடியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம்.

அவர் பேசியது துணியைப் பற்றியல்ல, என் தங்கையைப் பற்றி. அவள் கணவருக்கு இந்தோனேசியாவில் மில் வேலை. குழந்தைகளோடு ஒரு குறுகிய வளைகுடாவின் கரையில் குடியிருந்தார்கள். அவள் அங்கே பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்தப் பக்கத்தில் நிலத்தட்டுகள் ஏறி இறங்குவதில்லை, ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில்தான் நகர்கின்றன என்று டிவியில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத் துணியில் சோதித்து, சுனாமி வராது என்று அப்பா நிம்மதியாகிவிட்டார். மூத்த மகள் நான் அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். எனக்காக அவர் எந்தத் துணியையும் தள்ளிப் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு வந்த தங்கை இதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. அகலமான பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள். "உங்க துணி சமமா இருக்குதுங்ப்பா. கடலடி அப்பிடி இல்லீங்க, மேடும் சரிவுமாக் கெடக்குது" என்று உள்ளங்கையைச் சாய்த்துத் தண்ணீருக்குள் வைத்துப் பக்கவாட்டில் இழுத்தாள். கை துளியும் உயரவில்லை. ஆனால் அந்தச் சரிவு தள்ளிய தண்ணீர் விளிம்பேறி அப்பாவின் வேட்டியை நனைத்தது. குறுகிய வளைகுடாவில் தண்ணீர் விலகிப்போக இடமிருக்காது, நிலம் குலுங்கிக் கடலடிச் சேறும் சரிந்தால் அலை இன்னும் பெரிதாகும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் நிம்மதிக்காகவாவது தலையாட்டி வைத்திருக்கலாம். அவள் கிளம்பிப் போனாள். அப்பாவின் தூக்கமும் கூடவே போயிற்று.

அதன்பிறகு காலையில் எழுந்ததும் ஃபோன்தான். "பாப்பா, ஆட்டம் கீட்டம் ஏதாச்சும் இருந்துதா சாமி? தரை ஆடுச்சுன்னா சைரனுக்குக் காத்துட்டு நிக்காத, மேட்டுக்கு ஓடீரு." பேசி முடிக்கும்வரை நான் காபியோடு பக்கத்தில் நிற்பேன். காபி ஆறிப்போகும்.

ஒரு மழைக்காலத்தில் நொய்யல் ஆறு பெருகி எங்கள் வீட்டுக்குள் வந்தது. சாயம் கலந்த தண்ணீர் முழங்கால்வரை நின்றது. அப்பாவை மாடியில் உட்கார வைத்துவிட்டு, துணி மூட்டைகளைச் சுமந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அவரோ ஃபோனில், அங்கே கடல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "ஏனுங்ப்பா, நானுந்தான் தண்ணிக்குள்ள நிக்கறனுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உனக்கென்ன கண்ணு, நீ பாத்துக்குவ." பாராட்டுத்தான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் அவர் பயப்படுகிற மகளாக ஒரு நாளாவது இருக்க மாட்டோமா என்று வயிறெரிந்தது.

அப்பா இப்போது இல்லை. கடலுக்கடியில் எங்கோ நிலம் ஆடியதாக டிவியில் ஓடினால் கை தானாக ஃபோனை எடுக்கிறது. "எங்கடி இருக்கற? குழந்தைகளக் கூட்டிட்டு வெளிய வந்துட்டயா?" என்று இப்போது நான்தான் கத்துகிறேன். அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பொறாமைப்படவே நேரம் கிடைக்கிறது. அப்பாவின் கவலை முழுவதையும் வாங்கிக்கொண்டது போதாதென்று என்னுடையதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.