ஈசென்குலின் வலது காது

என் புருஷன் ஈசென்குல் ஒரு ஆளைக் கொன்றுவிட்டார் என்று எங்கள் நரின் மலையூரில் பாதிப்பேர் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதி என்னிடம் இருக்கிறது.

பதினைந்து வயதில் கூட்டுப்பண்ணையின் டிராக்டர் கொட்டகைக்குள் நுழைந்த மனுஷன். பண்ணை கலைந்தபோது அவர் பங்குக்கு நான்கு ஆடும் வண்டி தூக்குகிற ஒரு ஜாக்கியும் வந்தன. ஆடுகளைத் தின்று தீர்த்தோம். அதற்கப்புறம் அந்த ஜாக்கிதான் எங்களுக்கு ரொட்டி போட்டது. முற்றத்தில் ஆள் நிற்கிற ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, மேலே கார்களை ஏற்றிக் கீழே நின்று வேலை பார்ப்பார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கையில்லை, காது. வண்டிக்காரனை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடி உட்காருவார். பாலம் தாண்டுவதற்குள் "பின் சக்கரம், இடது, பேரிங்" என்பார். பிரித்தால் அதுவாகத்தான் இருக்கும். மற்ற மெக்கானிக்குகள் வளைவில் திருப்பிப் பார்ப்பதையும், நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதையும் கேலி செய்வார். "காது இல்லாதவன் செய்யற வேலை அது" என்பார்.

ஒரு குளிர்காலம் காய்ச்சலோடு வலது காதில் சீழ் வைத்தது. நான்தான் செம்மறியாட்டு வால் கொழுப்பை உருக்கி ஊற்றினேன். எங்கள் வீட்டில் எல்லாக் காதுக்கும் அதுதான் மருந்து. சூடு அதிகமோ என்னவோ, காய்ச்சல் போனது, காதும் போனது.

"வெளிய சொன்னேன்னா உன் நாக்கை அறுத்துடுவேன்" என்றார்.

"சொல்லி நம்ம சோத்துல நானே மண்ணள்ளிப் போடுவேனா?" என்றேன்.

அன்றிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்கார வைப்பேன். வயசுக்கும் மரியாதைக்கும் தக்கபடி உட்காரும் வழக்கத்தையே குலைத்தேன். கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் ஓட்டினேன்.

அப்புறம் ஷெராலி வந்தான். தலைநகரத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வாடகைக் கார்க்காரன், வாய் ஓயாத பையன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் காருக்கு அவன் வயசு இருக்கும்.

"அண்ணே, முன்சக்கரத்துல ஏதோ முனகுது. என் மாமியார் தோத்துடுவா."

இவர் கூடப்போய்க் கேட்டுவிட்டு, "இடது" என்றார். பேரிங்கை மாற்றினார். பதினைந்து நாளில் ஷெராலி மறுபடி வந்தான்.

"ஊருக்குள்ள சமத்தா இருக்குண்ணே. ஆளை ஏத்திக்கிட்டு மலையில இறங்குனா ஆரம்பிச்சுடுது."

"கலப்படச் சாமான். சந்தையில எல்லாம் அப்படித்தான் விக்கறான்" என்று சொல்லி, அதே இடது சக்கரத்தை மறுபடி பிரித்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றிய பேரிங்கைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு புதிது போட்டார். வலது சக்கரத்தைத் தொடவே இல்லை. காது இடது என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் காது மட்டும்தானே அவருக்கு இருந்தது.

அந்த வாரம் மலைக்கு அப்பால் அத்பாஷியில், செத்துப்போன என் நாத்தனார் புருஷனுக்கு வருஷத்து நினைவு விருந்து. ஷெராலி காரில்தான் போனோம். இவர் முன்சீட்டில், நானும் மருமகள் சால்கினும் பின்னால். திரும்பும்போது மலைச்சரிவில் முனகல் கேட்டது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

"இன்னும் ரெண்டு நடை ஓட்டு. புதுசு, பழகிடும்" என்றார்.

"நீங்க சொன்னா சரிண்ணே."

வீட்டுக்கு வந்து மாவு பிசையும்போது சால்கின் என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்களில் மருமகள் மாமனார் பெயரை உச்சரிக்கமாட்டாள். அவர் கேட்காமல் அவர் முன்னால் வாய் திறக்கவும் மாட்டாள். இவள் ரொம்பவே அடக்கமானவள்.

"அத்தை, அது இடது இல்ல."

"எது?"

"சக்கரம். வண்டி இடப்பக்கம் வளையறப்பதான் அழுவுது. வலப்பக்கம் வளைஞ்சா வாயை மூடிக்குது. எங்கப்பா லாரி ஓட்டுனவர். வளையும்போது பாரம் எதிர்ப்பக்கத்துச் சக்கரத்து மேல ஏறும், ஏறுன சக்கரம்தான் அழும்னு சொல்வார். வலதுதான் போயிருக்கு. நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லிடுங்க."

"நீ ரொட்டியப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. அவர் ஏன் இடது இடது என்கிறார் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் மனுஷன் நொறுங்கிப்போவார். விஷயம் வெளியே போனால் முற்றத்துக்கு ஒரு கார் வராது. காலையில் தேநீர் ஊற்றும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டு எழுந்துபோனார். வாசலில் ஷெராலி ஹாரன் அடித்து, "போயிட்டு வர்றேன் அண்ணி! உங்களுக்கு ஆப்பிள் வாங்கியாறேன்!" என்று கத்தினான். காருக்குள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மெதுவா போடா" என்றேன். அதுமட்டும் சொன்னேன்.

தோலோன் கணவாய்ச் சரிவில் வலது முன்சக்கரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. நாலு பேருக்குக் கை கால் முறிந்ததோடு சரி. ஷெராலி மட்டும் செத்தான்.

நொறுங்கின காரை லாரியில் கொண்டுவந்து போட்டார்கள். இவர் வலது பக்கம் போய்க் குந்தி, சக்கரம் இருந்த இடத்தைத் தடவினார். இரும்பு வெந்து நீலம் பாய்ந்திருந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடக்கத்தன்று பெண்கள் நாங்கள் ஷெராலி வீட்டு முற்றத்தில் போட்ட துக்கக் கூடாரத்துக்குள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். வெளியே ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தொழுகைக்கு முன்னால் வழக்கப்படி முல்லா, "இவன் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டார். "நல்லவன், நல்லவன்" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் இவர் குரல் தனியாகக் கேட்டது.

"எனக்கு வலது காது கேக்காது. நாலு வருஷமாச்சு. அதை மறைச்சு, கெட்டுப்போன சக்கரத்தை விட்டுட்டு நல்லா இருந்த சக்கரத்தை ரெண்டு தடவை பிரிச்சேன். இது யாருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிக்கும் தெரியாது."

ஷெராலியின் அண்ணன், "வாயை மூடிட்டுப் போயிரு கிழவா. என் தம்பிய நிம்மதியா புதைக்க விடு" என்றான். இவர் வரிசையை விட்டு விலகி, வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

கூடாரத்துக்குள் ஒப்பாரி நின்றுபோயிருந்தது. சால்கின் என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அத்தை, நான் சொன்னதை அவர்கிட்ட சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. அதோடாவது நிறுத்தினேனா? "மருமக வந்து எனக்குச் சக்கரம் சொல்லிக்குடுக்கறாளான்னு சிரிச்சாரு" என்றும் சேர்த்தேன்.

அவள் முகம் கல்லாய்ப் போனது.

அவர் ஒவ்வொரு வாளியாக மண்ணை அள்ளி முற்றத்துப் பள்ளத்தைத் தூர்த்தார். பதினோரு நாள் ஆனது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். அந்த மூன்று வருஷமும் சால்கின் தன் கையால் அவருக்குத் தேநீர் ஊற்றவில்லை. வெறும் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். எங்களில் கன்னத்தில் அறைவதைவிட இது பெரிசு.

"செத்தவனுக்காக இப்படி இருக்கா. இருக்கட்டும், நியாயந்தான்" என்பார்.

நான் ஊற்றுவேன். இடப்பக்கம் உட்கார்ந்துதான் ஊற்றுவேன். அவர் குடிப்பார். போய்ச் சேருகிற அன்றைக்கும் அப்படித்தான் குடித்தார். சால்கின் உள் அறையில் தன் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை.