காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம்

அந்த வட்டாரத்தில் கல்யாணமோ பட்டமளிப்போ எது வந்தாலும் பெண்கள் முதலில் தேடுவது கொண்டை அக்காவைத்தான். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அவள் புருஷனைத் தவிர யாருக்கும் நினைவில்லை. துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கியவள், முப்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு நாற்காலி போட்டுப் பார்லர் திறந்தாள். எலிவால் போன்ற முடியைக்கூட வேர்ப்பக்கமாகச் சீவி உப்பவைத்து, ஐம்பது ஊசி செருகி, ஒன்றுகூட வெளியே தெரியாமல் கொண்டை நிறுத்திவிடுவாள். அவள் சுற்றிவிட்ட சுருள் விருந்து முடிந்து வீடு திரும்பும்வரை கலையாது.

“அக்காகிட்ட உக்காந்து எழுந்தா யாருக்கும் தலைக்கனம் வந்துடும்” என்று மருந்துக்கடைக்காரர் கிண்டல் செய்வார். உண்மையில் கனம் ஏறியிருந்தது அக்காவின் தலையில். அது அவளுக்கே தெரிய ஒரு கல்யாணம் வரவேண்டியிருந்தது.

மாதாமாதம் முடி வெட்டிக்கொள்ள வரும் டீச்சரின் தங்கைக்குக் கல்யாணம். வரவேற்பன்று மதியம் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்குப் பெரிய வியாதி வந்துச்சு. மருந்து ஏத்தினதுல முடி முழுசா கொட்டிடுச்சு. இது புதுசா வளர்ந்தது, ரொம்ப மெலிசு. சூடு மட்டும் பாத்து வைங்க.”

“கவலப்படாதம்மா, எத்தன தலையப் பாத்திருக்கேன்” என்றாள் அக்கா. அதற்குள் போன் அடித்தது. மறுவாரம் வரவேண்டிய ஒருத்தி நேரத்தை மாற்றச் சொன்னாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே அக்கா சுருள் கம்பியை எடுத்தாள். காலையில் வந்தவளுக்குத் தும்பிக்கை தடிமனில் பின்னல். அவளுக்காக வைத்த முழுச் சூடு அப்படியே இருந்தது. வழக்கமாகக் காகிதத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை.

கருகல் வாடை வந்தது. கம்பியை இழுத்தபோது இடது காதுக்குப் பின்னாலிருந்த முடிக்கற்றை கம்பியோடேயே வந்துவிட்டது.

“என்னக்கா வாடை?”

“ஸ்ப்ரே மேல சூடு பட்டா அப்படித்தாம்மா வரும்.”

பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததை நினைத்து அவள் பின்னாளில் எத்தனையோ தடவை கூசிப்போனாள். கற்றையை ஏப்ரன் பைக்குள் திணித்தாள். பக்கத்து முடியை இழுத்து அந்த இடத்தின் மேல் மூடி, கொண்டையைச் சற்று இறக்கி வைத்து, மேலே முத்து ஊசி செருகினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆனால் கொண்டைக்குள் என்னத்தை வேண்டுமானாலும் மறைக்கலாம். கடைசியில் பின்பக்கத்தைக் காட்டக் கைக்கண்ணாடி பிடித்தபோதும் இடது பக்கம் விழாதபடி சாய்த்தே பிடித்தாள்.

அந்தப் பெண் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான்க்கா கண்ணாடிய நிம்மதியா பாக்குறேன்.”

அக்கா சிரித்துவைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கத்தரிக்கோல் ஓட ஓடச் சொன்னாள்.

“தங்கச்சிக்கு மறுபடி வந்துடுச்சோன்னு பயமா இருக்குக்கா. கொண்டைய அவுத்தப்போ காதுக்குப் பின்னாடி கைல முடியே தட்டுப்படலையாம். போன தடவயும் மொதல்ல அந்த இடத்துலதான் கொட்டுச்சு. அன்னிலேந்து எங்க வீட்டுல வந்து தலைல துணி கட்டிட்டு உக்காந்திருக்கா. எங்களையும் பாக்க விடல, டாக்டர்கிட்டயும் அவுக்க மாட்டேன்னுட்டா. ரத்தம் குடுத்திருக்கோம், ஸ்கேன் எடுத்திருக்கோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் உசுரக் கைல புடிச்சிட்டு இருக்கோம்.”

கத்தரிக்கோல் நின்றது. இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள்.

“ஒண்ணும் இருக்காதும்மா” என்றாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து, “உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை அக்கா அதே இடத்தில் நின்றாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான். அப்புறம், “இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நானா அந்தப் பொண்ணு?” என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த டீச்சர், நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து உள்ளே அழைத்துப் போனாள். ஜன்னல் திரையெல்லாம் மூடிய அறை. கட்டிலில் சுவரோரமாக அந்தப் பெண், தலையில் நீலத் துணி. அக்கா உட்காரவில்லை.

“உனக்கு முடி கொட்டலம்மா. நான் பொசுக்கிட்டேன். சூடு பாக்காம வெச்சுட்டேன். நீ வாடைன்னு கேட்டப்போ பொய் சொன்னேன். நேத்து உங்க அக்கா சொன்னப்பவும் வாய மூடிட்டு இருந்தேன்.”

தங்கை மெல்ல எழுந்து திரையை விலக்கினாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணியை அவிழ்த்தாள்.

“பாத்துச் சொல்லுங்க. நீங்க பொசுக்கினதுதானா? இல்ல எனக்காகப் பொய் சொல்றீங்களா?”

அக்கா குனிந்தாள். தான் செய்த காரியத்தை வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தாள். இரண்டு விரல் அகலம். வாரிய முடிக்கு நடுவே குட்டைக் குட்டையாக, நுனி கருகிச் சொரசொரவென்று நின்றது. அடியில் வேர் ஒவ்வொன்றும் உயிரோடு இருந்தது.

“வேர் இருக்கும்மா. கொட்டியிருந்தா தோல் வழுவழுன்னு இருக்கும். இது கருகி முறிஞ்சது. புதுசாவும் மொளைக்குது, நீயே தடவிப் பாரு.”

அந்தப் பெண் தடவிப் பார்த்தாள். திரும்பத் திரும்பத் தடவினாள். அழுகை வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. பிறகு இரண்டும் நின்றுவிட்டன.

“போன வாரம் அவர்கிட்ட, என்னைய விட்டுட்டு வேற யாரையாவது கட்டிக்கோங்கன்னு சொன்னேன்க்கா. அவரு சின்னப் புள்ள மாதிரி அழுதாரு.”

அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“வேணாம். எனக்குக் கோவமா சந்தோஷமான்னே தெரியல. நீங்க கெளம்புங்க.”

கூனிக் குறுகி வாசலுக்கு வந்தாள். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு, “நேத்து உங்க கையப் புடிச்சேனே” என்று மட்டும் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்தாம் நாள் போனில் டீச்சரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘ரிசல்ட் நல்லபடியா வந்தாச்சு.’ அக்கா பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்து, கடைசியில் எதுவும் அனுப்பவில்லை. டீச்சர் அதற்குப் பிறகு மாடி ஏறவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையசைப்பாள். அக்காதான் முகத்தைக் காய்கறிப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இப்போதும் அவளிடம் கூட்டத்துக்குக் குறைவில்லை. வேலை நேரத்தில் போனை மருந்துக்கடையில் கொடுத்துவைக்கிறாள். அவளைச் சுடுவது இன்னொன்று. அந்த வரவேற்பில் எடுத்த படம் ஒன்று, வலது பக்கமிருந்து எடுத்தது, ஊரெல்லாம் சுற்றிவிட்டது. வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் காட்டித்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள்.

“இந்தக் கொண்டை நீங்க போட்டதுதானேக்கா?”

“நான்தான்” என்பாள், தரையைப் பார்த்துக்கொண்டு. என்ன ஒரு அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.