ஆள் இல்லாத வீட்டுப் படம்

என் தங்கை பொய் சொல்லக்கூடியவள் என்று எனக்கு எப்போதோ தெரியும். சின்ன வயதில் சீனிப் போத்தலுக்குள் கையை விட்டுவிட்டு அம்மாவிடம் நான்தான் எடுத்தேன் என்று என்னைக் கைகாட்டியவள். ஆனால் வீட்டு விஷயத்திலும் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

தர்மபுரத்தில் நான் இருக்கும் வீடு அவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அவள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள். சண்டை முடிந்து முகாமிலிருந்து நான் திரும்பியபோது சுவர்கள்தான் நின்றன. கூரை போட்டதும் கிணறு இறைத்ததும் மாமரம் வைத்ததும் நான். கலியாணம் கட்டாத எனக்கு வேறு போக்கிடம் இல்லை. "நீங்கள் இருக்குமட்டும் அது உங்கட வீடுதான் அக்கா" என்று அவளே சொன்னாள். எழுதித் தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூடப்பிறந்தவளிடம் எந்த மடைச்சி எழுத்துக் கேட்பாள்? கேட்காத மடைச்சி நான்.

இந்த வருஷம் திடீரென்று போன் எடுத்தாள். "மகளின்ர சாமத்திய வீடு வருது அக்கா. ஹோலில பெரிய திரையில எங்கட ஊர் வீட்டைக் காட்டப்போறம். கிளிநொச்சியில இருந்து படம் எடுக்கிற ஆளை அனுப்புறன். வடிவா வரவேணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெறாமகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்தில் எங்கள் வீடு! நானே சுவருக்கு வெள்ளை அடித்தேன். அயலில் குரோட்டன் சட்டிகளை இரவல் வாங்கி வைத்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற படமாயிற்றே என்று வாசலில் நிறைகுடமும் வைத்தேன்.

படக்காரர் காலை வெயில் முகப்பில் விழும்போதே வந்துவிட்டார். யன்னல்களைத் திறந்தார், பகலிலும் லைட்டுகளைப் போட்டார். விறாந்தை மூலையில் குந்தியிருந்து எடுத்த படத்தில் என் சின்ன விறாந்தை கலியாண மண்டபம் போலத் தெரிந்தது. கெட்டிக்காரர்தான். பிறகு கொடியில் கிடந்த என் உடுப்பு, குசினி வாளி, செருப்பு, கட்டில் எல்லாவற்றையும் பின்வளவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"ஆள் இருக்கிற வீடு மாதிரித் தெரியக்கூடாது எண்டு தங்கச்சி சொன்னவா."

நான் சிரித்தேன். அவளுக்கு எப்போதும் எல்லாம் துப்புரவாக இருக்க வேண்டும். நல்ல சேலை உடுத்திருந்ததால், "ஒரு படத்தில நானும் நிக்கட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா, வீடு மட்டும் போதும்" என்றார் படக்காரர்.

சில கிழமைகள் கழித்து வவுனியாவிலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் வான் ஒன்று பிடித்து வந்து இறங்கினார்கள். அந்த அம்மாவின் போனில் இருந்த வீட்டுப் படத்தில் என் நிறைகுடம் தெரிந்தது.

"விக்கிற வீட்டைப் பாக்க வந்தனாங்கள். நீங்கள் இங்க வேலைக்கு நிக்கிறனீங்களோ? படத்தைப் பாத்து ஆள் இல்லாத வீடு எண்டுதான் நினைச்சம்."

அவர்களை வாசலில் நிற்கவைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் எடுத்தேன். அவள் மறுக்கக்கூட இல்லை.

"கோவிக்காதேங்கோ அக்கா. முதலே சொன்னால் விட்டிருக்க மாட்டீங்கள். உங்கட கைராசி, படம் போட்ட உடனே ஆக்கள் கேக்கினம்."

"அப்ப சாமத்திய வீடு?"

"அது போன வருசமே முடிஞ்சுது."

வீடு போவதைவிட அதுதான் என்னைச் சுட்டது. ஒரு வார்த்தை சொல்லாமல் நடத்தி முடித்த நல்ல காரியத்தைக் காட்டி என்னைக் கொண்டே வெள்ளை அடிப்பித்திருக்கிறாள். வாங்க வருகிறவர்களுக்கு நானே நிறைகுடமும் வைத்திருக்கிறேன். போனை வைத்துவிட்டேன்.

அந்த அம்மா பாவம், ஒன்றும் அறியாதவர். தயங்கித் தயங்கிக் கேட்டார். "மகனுக்கு அனுப்ப இன்னுமொரு படம் எடுக்கலாமோ? கொஞ்சம் அங்கால நிக்கிறீங்களோ?"

நான் உள்ளே போய்க் கதிரையைத் தூக்கிவந்து, நிறைகுடம் வைத்திருந்த அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"எடுங்கோ. இந்த வீட்டில ஆள் இருக்கு எண்டு மகனும் பாக்கட்டும்."