அப்பாவுக்குக் கேட்ட எட்டுச் சுரம்

நான் பேய், ஆவி, அற்புதம் எதையும் நம்பாத ஆள். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இப்படிக் கதைகள் குறைவில்லாமல் கிடைக்கும், எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனவன்தான். இதை வாசிக்கும்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்றும் தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன். ஆனாலும் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், குருநகரில், எங்கள் வீட்டு விறாந்தையில்.

என் அப்பாவுக்குக் காது கேட்காது. சண்டைக் காலத்தில் பக்கத்தில் ஷெல் விழுந்து பாதி போனது, மிச்சத்தைப் படகு எஞ்சின் கொண்டுபோனது. நான் கிட்டார் பழகத் தொடங்கியபோது அவர் முழுச் செவிடு. இருபது வருடமாகக் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன், அவர் முன்வரிசை வாங்கில் இருந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சுரம் அவர் கேட்டதில்லை. அது எனக்குள் ஒரு முள்ளாக எப்போதும் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை.

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கினால் ஒன்றரை மணி வரை சும்மாதான். போன வருடம் கலியாண வீடுகளுக்கு வாசிக்கும் ஜூட் என்ற நண்பன், "உன்ரை கைக்குக் கோயில் பாட்டைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது, டிமினிஷ்ட் ஸ்கேலைப் பழகிக்கொண்டு வா, குழுவிலை சேர்க்கிறன்" என்று சொல்லிவிட்டான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. போனில் வீடியோ பார்த்துப் பழகத் தொடங்கினேன்.

அந்த ஸ்கேல் ஒரு மாதிரியானது. முழு அடி, அரை அடி, முழு அடி, அரை அடி என்று எட்டுச் சுரம் ஏறும். மற்ற ஸ்கேலுக்கெல்லாம் வந்து உட்கார ஒரு சுரம் இருக்கும், இதற்கு இல்லை. விரல்களை அப்படியே மூன்று ஃப்ரெட் கட்டம் தள்ளி வைத்தால் திரும்பவும் அதே சுரங்கள்தான் வரும். எங்கே தொடங்கினோம், எங்கே முடிப்போம் என்று காது தேடிக்கொண்டே இருக்கும். என் மனைவி மெற்றில்டா இரண்டாம் நாளே, "உது என்னப்பா, கேக்கத் தலை சுத்துது" என்றாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்துப் பூவரசின் கீழ் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் விறாந்தையில் அந்த ஸ்கேலில் ஏறி வரும்போது ஆறாவது சுரத்தைத் தவறவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டேன். அப்பா திரும்பாமலே சொன்னார்: "தம்பி, ஒண்டை விட்டிட்டாய்."

நம்பினால் நம்புங்கள், அவர்தான் சொன்னார். "அப்பா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. கதவை அடித்துச் சாத்தினேன். அசையவில்லை. திரும்ப அந்த ஸ்கேலை வாசித்தேன், வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு வலது கை ஆட்காட்டி விரலை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒருதரம் தூக்கித் தூக்கி இறக்கினார். எட்டுத் தரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்து, இறந்துபோன அம்மாவுக்குப் பிடித்த மாதா பாட்டை முழுவதும் வாசித்தேன். முடித்துவிட்டு முன்னால் போய் அவர் முகத்தைப் பார்த்தால், அவர் என்னைப் பார்த்துக்கொண்டு, "வாசியன்" என்கிறார். நான் தொடங்கவேயில்லை என்று நினைத்திருக்கிறார்.

முற்றத்து நிலத்தால் அதிர்வு போயிருக்கும் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். நான்தான் நம்பாத ஆளாயிற்றே. அடுத்த நாள் கிட்டாரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன், படகுகள் இழுத்து வைத்திருக்கும் இடம், வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மெற்றில்டாவைப் போனில் பிடித்து, "அப்பாவைப் பார்த்துக்கொண்டு நில்லு, ஒண்டும் கேக்காதை" என்றேன். போனைக் கவிழ்த்து மணலில் வைத்துவிட்டு வாசித்தேன். வேண்டுமென்றே நடுவில் ஒரு சுரத்தைப் பிழையாக அடித்தேன்.

போனை எடுத்தபோது அவள் முந்திக்கொண்டாள். "இஞ்சை பாருங்கோ, மாமா விரலைத் தூக்கித் தூக்கி இறக்கினவர். நடுவிலை நிப்பாட்டிப்போட்டுச் சிரிச்சவர். இப்ப பிழை விட்டனீங்களோ?"

"ஓம்" என்றேன். கடல் அசையாமல் கிடந்தது, தூரத்தில் ஒரு கொக்கு நின்றது, நான் மணலில் முழங்காலில் இருந்துவிட்டேன். பயம் என்று சொல்ல மாட்டேன். கோயிலில் இருபது வருடம் வாசித்தும் எனக்கு வராத ஒன்று அப்போது வந்தது.

அந்தக் கிழமைக்குள்ளேயே பட்டணத்தில் காது பரிசோதிக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இயந்திரத்தில் எந்தச் சத்தம் கொடுத்தும் அப்பா கை உயர்த்தவில்லை. "ஒண்டும் மாறேல்லை அண்ணை, நரம்பு செத்துப்போச்சு" என்று அங்கே பரிசோதித்த பிள்ளை பாவமாகச் சொன்னாள். நான் கிட்டார் கதையை அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன?

வீட்டுக்கு வந்து ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கேட்டேன், உங்களுக்கு என்ன மாதிரிக் கேட்கிறது என்று. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஆரோ படி ஏறுற மாதிரி இருக்கு தம்பி. ஏறிக்கொண்டே இருக்கிறாங்கள், மேல்வீடு வரேல்லை. ஆனா களைப்பில்லை, கேக்க நல்லாயிருக்கு." பிறகு என் தோளில் கை வைத்து, "நீ நல்லா வாசிக்கிறாய்" என்றார். நாற்பத்தொரு வயதில் அதைக் கேட்டேன். அதோடு விட்டிருந்தால் நானும் இதை ஓர் அற்புதம் என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அப்பா சாதாரணமாகக் கேட்டார்:

"அதுசரி, உன்னோடை சேர்ந்து வாசிக்கிற மற்றாள் ஆர்?"

நான் தனியாகத்தான் வாசிக்கிறேன் என்று எழுதிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "இல்லை, ரெண்டு பேர். நீ பிழை விடேக்கை அந்தாள் உனக்காண்டி நிண்டு பார்க்கிறது."

ஜூட்டின் குழுவில் இப்போது நானும் வாசிக்கிறேன், அது வேறு கதை. வீட்டில் இன்றைக்கும் காலையில் அந்த ஸ்கேலை வாசிக்கிறேன், அப்பா பூவரசின் கீழ் இருந்து விரலால் எண்ணுகிறார். பதினொன்றரைக்குக் கம்பிகளைத் துடைத்து, கிட்டாரை உறைக்குள் போட்டு இழுத்து மூடுகிறேன். அப்பாவின் விரல் அப்போது நிற்பதில்லை. இன்னும் இரண்டு தரம், சில நாள் மூன்று தரம், எட்டு எட்டாக ஏறி இறங்குகிறது. பிறகுதான் அவர் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, வலையைத் திரும்பக் கையில் எடுக்கிறார்.